டோனி எவர்ஸ்: அறிவியல் வாத்தியார் ஆளுநரான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்கான்சினில் இருக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள். குளிர் எப்படி? அந்த நானூறு வருஷ வீட்டோ நிஜம்தானா? (வீட்டோ என்றால் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் மறுத்து அடிப்பது.) குளிரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்லப் போனால், அதைச் செய்த டோனி எவர்ஸ் என்பவரின் ஐம்பது வருஷ உத்தியோகக் கதையையே சொல்ல வேண்டி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

யார் இவர்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து 46ஆவது ஆளுநர். ஜனநாயகக் கட்சிக்காரர். பிறந்தது 1951 நவம்பர் 5ஆம் தேதி, பிளைமத் என்ற சிற்றூரில். அந்த ஊர் தன்னைச் 'சீஸ் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்ளும். சீஸ் கட்டிகளின் மேல் படியும் பூஞ்சையைச் சுரண்டி எடுப்பதுதான் பையனாக இருந்தபோது இவர் பார்த்த முதல் வேலை. அப்பா காசநோய் மருத்துவமனையில் டாக்டர். மனைவி கேத்தி, மழலையர் வகுப்பிலிருந்தே கூடப் படித்தவர்.

படித்ததெல்லாம் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில்தான். 1974இல் இளங்கலை, 1976இல் முதுகலை, வேலையில் இருந்துகொண்டே 1986இல் கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம்.

ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் மாதிரியா?

இல்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் முதலமைச்சர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை அவர் கட்சிக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எவர்ஸ் 2019இல் பதவியேற்ற நாளிலிருந்து இரு அவைகளிலும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியே பெரும்பான்மை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கதை புரிந்துவிடும்.

எத்தனை வருஷம் பாடம் நடத்தினார்?

விளம்பரங்களைப் பார்த்தால் ஆயுசு முழுக்கச் சாக்பீஸ் பிடித்தவர் போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. 1970களின் நடுவில் பாராபூ என்ற ஊரில் அறிவியல் ஆசிரியராகத் தொடங்கினார். 1979இல் டோமாவில் தொடக்கப்பள்ளி ஹெட்மாஸ்டர். அடுத்த ஆண்டே அதே ஊர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை, 1984 வரை. ஆக, வகுப்பறையில் கழிந்தது ஐந்தாண்டுக்கு மேல் இருக்காது.

அதற்குப் பிறகு முழுக்க முழுக்க நிர்வாகம்தான். 1984 முதல் 1988 வரை ஓக்ஃபீல்ட் பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு அது) கண்காணிப்பாளர், 1988 முதல் 1992 வரை வெரோனாவில் அதே பதவி. பிறகு 2001 வரை ஆஷ்காஷில் ஒரு வட்டாரக் கூட்டமைப்புக்குத் தலைமை. தனித்தனியாகச் செலவு செய்ய முடியாத சின்னப் பள்ளி மாவட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பேச்சுப் பயிற்சி தருபவரையோ சிறப்புக் கல்வி வல்லுநரையோ பகிர்ந்து அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு அது. மாநிலத்தில் இப்படிப் பன்னிரண்டு உண்டு.

'வாத்தியார் ஆளுநர்' என்ற பட்டம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இவரை உருவாக்கியது கரும்பலகை அல்ல, பள்ளி மாவட்டத்தின் வரவு செலவுக் கணக்குப் புத்தகம். எந்த ஊரில் கூரை ஒழுகுகிறது, அதை மாற்ற எந்த விதி இடம் கொடுக்கவில்லை என்று தெரிந்துவைத்திருந்த ஆள். பின்னாளில் கைகொடுத்ததும் அந்த அறிவுதான்.

ஆளுநராகும் முன் எவர்ஸ் வகித்த மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பதவி, கல்வி அமைச்சர் பதவியா?

அதுவும் இல்லை. யாரும் நியமிக்கும் பதவி அல்ல. 1848ஆம் ஆண்டு எழுதிய மாநில அரசியல் சாசனத்திலேயே இந்தப் பதவி இருக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் தேர்தல். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. (யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும், அது வேறு.) பல மாநிலங்களில் கண்காணிப்பாளருக்கு மேலே ஒரு மாநிலக் கல்வி வாரியம் உட்கார்ந்திருக்கும். விஸ்கான்சினில் அது இல்லை. அதனால் ஆளுநருக்கும் கட்டுப்படாமல், வாரியத்துக்கும் பதில் சொல்லாமல், தன் சொந்த ஓட்டில் நிற்கிற ஆள் இவர்.

ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுப்பது, அரசின் உதவித்தொகையை 420க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, தேர்வுகளையும் பாடத் தரங்களையும் வகுப்பது எல்லாம் இந்த அலுவலகத்தின் வேலை. ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் அந்தந்த ஊர்ப் பள்ளி வாரியத்தின் கையில். பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது சட்டமன்றம். சுருக்கமாகச் சொன்னால், பணத்தைப் பங்கு போடலாம், எவ்வளவு வேண்டும் என்று கேட்கலாம், தானாக ஒரு காசு கூட்ட முடியாது.

ஆளுநர்களுக்கு இந்தப் பதவி எப்போதுமே கண்ணில் விழுந்த தூசு. 1995இல் அப்போதைய ஆளுநர் டாமி தாம்சன், கண்காணிப்பாளரின் அதிகாரங்களைத் தான் நியமிக்கும் ஒரு செயலருக்கு மாற்றப் பார்த்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது.

அந்தப் பதவிக்கு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டாரா?

எங்கே! 1993இல் நின்றார், முதல் சுற்றையே தாண்டவில்லை. 2001இல் மறுபடி நின்றார், அப்போதும் அதே கதி. அந்த முறை ஜெயித்தவர் எலிசபெத் பர்மாஸ்டர். அவர் செய்த காரியம்தான் கொஞ்சம் விசேஷம்: தன்னை எதிர்த்து நின்ற எவர்ஸையே துணைக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டார். எவர்ஸும் முகம் சுளிக்காமல் எட்டு வருஷம் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பொறுமையை அவருடைய எதிரிகள் கடைசிவரை குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பது என் எண்ணம்.

2008இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய். எளிதில் விடாத வகை அது. பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டு, அடுத்த ஆண்டு தேர்தலில் நின்றார். பர்மாஸ்டர் மறுபடி நிற்காத அந்த 2009 தேர்தலில் ரோஸ் ஃபெர்னாண்டஸைத் தோற்கடித்துப் பதவிக்கு வந்தார். முதல் தோல்விக்கும் இந்த வெற்றிக்கும் நடுவே 16 வருஷம். 2013இலும் 2017இலும் மீண்டும் ஜெயித்தார். 2017இல் கிடைத்தது நூற்றுக்கு எழுபது ஓட்டு.

பதவியில் என்ன சாதித்தார்?

மேலே வாரியம் இல்லாததன் அர்த்தம் 2010 ஜூனில் தெரிந்தது. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பல மாநிலங்களுக்கான பொதுப் பாடத் தரங்கள் வெளியானபோது, எவர்ஸ் தன் கையெழுத்தாலேயே அவற்றை ஏற்றுக்கொண்டார். பின்னால் அதே தரங்கள் கட்சிச் சண்டையாக மாறியபோது, 'இதை யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?' என்ற கேள்வியும் அவர் தலையில்தான் விழுந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் மதிப்பெண் போடும் அறிக்கைகள் 2012இல் வந்தன.

ஆனால் அவர் திரும்பத் திரும்பத் தட்டிய கதவு ஒன்றுதான்: பள்ளிகளுக்குப் பணம் போகும் சூத்திரத்தை மாற்றுவது. 'நம் எதிர்காலத்துக்கு நியாயமான நிதி' என்ற பெயரில் ஒரு திட்டம் தயாரித்து, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் நீட்டினார். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் அது குப்பைக்குப் போனது.

2011இல் ஆசிரியர்கள் சட்டமன்றத்தை முற்றுகையிட்டார்களே, அப்போது இவர் எங்கே இருந்தார்?

கண்காணிப்பாளர் நாற்காலியில். புதிதாக வந்த குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்காட் வாக்கர் 'ஆக்ட் 10' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். போலீஸ், தீயணைப்பு தவிர்த்த அரசு ஊழியர் சங்கங்கள் இனி அடிப்படைச் சம்பளம் ஒன்றைப் பற்றி மட்டுமே பேரம் பேசலாம், அதுவும் விலைவாசி ஏற்றத்தின் அளவுக்குள். ஓய்வூதியத்துக்கு ஊழியரும் பங்கு கட்ட வேண்டும். சங்கம் ஒவ்வோர் ஆண்டும் ஓட்டெடுப்பு நடத்தித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரிக் குளிரில் மேடிசன் சட்டமன்றக் கட்டடம் ஆட்களால் நிரம்பி வழிந்தது. ஓட்டெடுப்புக்கு ஆள் போதாமல் போகட்டும் என்று ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்குப் போய்விட்டார்கள். சட்டம் எப்படியும் நிறைவேறியது.

வாக்கரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் மனுவில் எவர்ஸ் கையெழுத்துப் போட்டார். ஆனால் 2012 ஜூனில் நடந்த அந்தத் தேர்தலில் வாக்கர் ஜெயித்துவிட்டார். பிறகு ஆறு வருஷம் இந்த இருவரும் ஒரே ஊரில், ஒரே பட்ஜெட்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

பள்ளிப் பணம் என்றாலே 'வருவாய் வரம்பு' என்கிறார்களே, அது என்ன?

இது புரியாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கே பள்ளிக்கூடச் செலவுக்கு இரண்டு பெரிய ஊற்று. ஒன்று மாநில அரசு தரும் உதவி, மற்றது ஊர்க்காரர்களின் சொத்து வரி. 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள்: இந்த இரண்டையும் சேர்த்து, ஒரு மாணவனுக்கு இவ்வளவுக்கு மேல் எந்தப் பள்ளி மாவட்டமும் வசூலிக்கக் கூடாது. எவ்வளவு? அன்றைக்கு யார் எவ்வளவு செலவு செய்துகொண்டிருந்தார்களோ அதுதான் தொடக்கப்புள்ளி. பிறகு வருஷா வருஷம் சட்டமன்றம் பார்த்து ஏதாவது கூட்டிக் கொடுக்கும்.

விளங்கச் சொல்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. அந்த வருஷம் சிக்கனமாக இருந்த ஊர் ஒரு பிள்ளைக்கு 5,500 டாலர் செலவழித்தது. தாராளமாக இருந்த பக்கத்து ஊர் 7,500. இருவருக்கும் ஆண்டுதோறும் ஒரே தொகை கூடினால் அந்த 2,000 டாலர் இடைவெளி அப்படியே கல்வெட்டாக நிற்கும். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனை! அன்றைய பள்ளி வாரியத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் இறந்தேபோயிருப்பார்கள். அவர்கள் போட்ட கணக்கு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஆண்டு உயர்வு விலைவாசியோடு சேர்ந்து ஏறியது. 2009இல் அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டார்கள். எவர்ஸின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் காலத்தில்தான் இது நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் வாக்கர் வரம்பையே 5.5 சதவீதம் குறைத்தார். எவர்ஸ் ஆளுநரான பிறகு 2019–20க்கு 175 டாலரும், அடுத்த ஆண்டு 179 டாலரும் கூடின. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் சுழியம். கொரோனாவுக்காக ஒன்றிய அரசு கொடுத்த பணம் இருக்கிறதே, அது போதாதா என்றது சட்டமன்றம். ஒருமுறை வரும் பணத்தில் மாதாமாதம் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்றார்கள் பள்ளிக்காரர்கள்.

வரம்பைத் தாண்டப் பெரும்பாலும் உள்ள வழி, ஊரில் பொது வாக்கெடுப்பு நடத்திச் சம்மதம் வாங்குவது. 2024இல் நடந்த பள்ளி வாக்கெடுப்புகளின் எண்ணிக்கை மாநிலத்தில் அதுவரை இல்லாத உச்சம். வாக்குச்சீட்டில் ஜனாதிபதிக்கும் கீழே, கடைசியில், 'உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இத்தனை லட்சம் டாலர் கூடுதலாகத் தரச் சம்மதமா' என்று ஒரு கேள்வி இருக்கும். இங்கே வந்த புதிதில் அதைப் பார்த்து, பள்ளிக்கூடம் நடத்த ஊரைக் கெஞ்ச வேண்டுமா என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது.

2018இல் வாக்கரை எப்படித் தோற்கடித்தார்?

மயிரிழையில். ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளராவதற்கே ஒரு கூட்டம் போட்டியிட்டது. ஆகஸ்ட் 14ஆம் தேதி நடந்த உட்கட்சித் தேர்தலில் எவர்ஸ் சுமார் 42 சதவீதம் வாங்கி வந்தார். மேடைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் ரொம்ப சுமார். 'இந்த ஆளா வாக்கரை ஜெயிக்கப் போகிறார்' என்று அவர் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் பள்ளிக்கூடம். கட்சி பார்க்காமல் மூன்று முறை அவருக்கு ஓட்டுப் போட்டுப் பழகிய கிராமங்கள் இருந்தன. வாக்கரும் தன்னைக் 'கல்வி ஆளுநர்' என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, களம் எங்கே என்பது முடிவாகிவிட்டது.

நவம்பர் 6 இரவு இருவரும் கிட்டத்தட்டச் சமம். நள்ளிரவு தாண்டி மில்வாக்கி நகரத்தில் முன்கூட்டியே போட்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளின் கணக்கு வந்தது. எவர்ஸ் முந்தினார். கடைசி வித்தியாசம் 29,227 ஓட்டு, ஏறத்தாழ 1.1 சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்க வேண்டுமானால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதில் முந்தின ஆண்டு கையெழுத்துப் போட்டவர் வாக்கர்தான்.

போகிற போக்கில் இன்னொன்றும் நடந்தது. டிசம்பரில், எவர்ஸ் பதவியேற்கும் முன்பே, சட்டமன்றம் அவசரமாகக் கூடி ஆளுநரின் அதிகாரங்களில் சிலவற்றைக் கத்தரித்தது. வாக்கர் அதிலும் கையெழுத்திட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் மேல் குற்றச்சாட்டே இல்லையா?

ஏன் இல்லை? 2018 தேர்தலில் மூன்று விஷயம் அடிபட்டன.

பள்ளிக் கணினியில் ஆபாசப் படம் பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் உரிமத்தை எவர்ஸ் ரத்து செய்யவில்லை என்று வாக்கர் தரப்பு விளம்பரமாகப் போட்டுத் தாக்கியது. சம்பவம் நடந்தபோது இருந்த சட்டம், பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்று காட்டினால்தான் ரத்து செய்ய இடம் தந்தது, அந்த ஓட்டை 2011இல்தான் அடைபட்டது என்பது எவர்ஸின் பதில். சட்டம் அவர் பக்கம். ஆனால் அந்த ஊர்ப் பெற்றோரிடம் சட்டப் பிரிவை வாசித்துக் காட்டிச் சமாதானம் செய்ய முடியுமா?

இரண்டாவது, அவர் துறை தந்த பட்ஜெட் கோரிக்கைகளில் சில பத்திகள் வேறு இடங்களிலிருந்து, விக்கிபீடியா உட்பட, அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. வாத்தியார் துறையிலேயே காப்பி! தேர்தலுக்குச் சில வாரம் முன் வெளியாகி மானம் போனது.

மூன்றாவது, வாக்கரின் 2017 பட்ஜெட்டை எவர்ஸே பிள்ளைகளுக்கு இணக்கமான பட்ஜெட் என்று பாராட்டியிருந்தார். அந்த ஒரு சொல்லை வாக்கர் தரப்பு விடவே இல்லை. அதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்குப் பணம் வந்தது, நல்லது என்றார். அரசியல்வாதியாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

சரி, நானூறு வருஷ வீட்டோவுக்கு வருவோம். என்னதான் செய்தார்?

விஸ்கான்சின் ஆளுநருக்கு 1930 முதல் ஒரு விசேஷ அதிகாரம் உண்டு. பட்ஜெட் போன்ற நிதி மசோதாக்களை முழுசாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை, உள்ளே புகுந்து பகுதி பகுதியாக அடிக்கலாம். பழைய ஆளுநர்கள் இதை வைத்துச் சிலம்பமே ஆடினார்கள். சொற்களுக்குள் எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவார்கள். 1990இல் சாசனத்தைத் திருத்தி அதைத் தடுத்தார்கள். இரண்டு மூன்று வாக்கியங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டிப் புது வாக்கியம் செய்வார்கள். 2008இல் அதையும் தடுத்தார்கள். எண்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2023 பட்ஜெட்டில் சட்டமன்றம் வருவாய் வரம்பை உயர்த்தச் சம்மதித்தது: 2023–24 கல்வியாண்டுக்கும் 2024–25 கல்வியாண்டுக்கும் ஒரு மாணவனுக்கு 325 டாலர் கூட்டிக்கொள்ளலாம். இரண்டே ஆண்டு. பிறகு மறுபடி கையேந்த வேண்டும்.

ஜூலை 5ஆம் தேதி எவர்ஸ் பேனாவை எடுத்தார். '2023–24 கல்வியாண்டு, 2024–25 கல்வியாண்டு' என்று ஓடுகிற அந்த வரியில் நடுவிலிருந்த முதல் '24'ஐயும் சில சொற்களையும் அடித்தார். '2024'இல் முன்னே நிற்கும் '20'ஐ அடித்தார். 24க்கும் 25க்கும் நடுவே இருந்த சின்னக் கோட்டை அடித்தார். அடித்தது போக மிஞ்சியதைச் சேர்த்து வாசித்தால்: '2023–2425'. ஆண்டுக்கு 325 டாலர் உயர்வு, 2425ஆம் ஆண்டு வரைக்கும்.

ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை. அடித்தது மட்டும்தான்.

இது அநியாயம் இல்லையா? கோர்ட் ஒப்புக்கொண்டதா?

வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரல் 18ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்றது. சாசனம் தடுப்பது எழுத்துகளை அடிப்பதையும் வாக்கியங்களை ஒட்டுவதையும், இவர் அடித்தது இலக்கங்களை, அதுவும் ஒரே வாக்கியத்துக்குள் என்பது பெரும்பான்மையின் வாதம். மூன்று நீதிபதிகள் கடுமையாக மறுத்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மக்கள் பிரதிநிதிகள் இரண்டு ஆண்டு என்று எழுதியதை ஒரு கோட்டை அழித்து நான்கு நூற்றாண்டாக்குவது சரியான ஆட்சிமுறை என்று மனசாரச் சொல்ல முடியவில்லை. ஆனால் இதைத் தொடங்கியவர் எவர்ஸ் அல்ல. 2017இல் வாக்கர், பள்ளிகளின் மின்சிக்கன வேலைகளுக்கான ஒரு விதியில் '2018 டிசம்பர் 31' என்றிருந்த தேதியில் இரண்டு இலக்கங்களை அடித்து '3018 டிசம்பர்' ஆக்கினார். அது ஆயிரம் வருஷம். அந்த விதியும் பள்ளிகளின் வருவாய் வரம்பு பற்றியதுதான். கண்காணிப்பாளராக இருந்தவர் எவர்ஸ். பார்த்துக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

அந்த 325 டாலர் யார் பையிலிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. எவர்ஸின் ஆதரவாளர்கள் கொஞ்சம் நெளியும் இடமும் இதுதான்.

அவர் நீட்டித்தது பணத்தை அல்ல, வசூலிக்கும் அனுமதியை. மாநில அரசு தன் பங்கைக் கூட்டினால் சொத்து வரி ஏறாது. கூட்டாவிட்டால் அந்தத் தொகையைச் சொத்து வரியில் எடுத்துக்கொள்ள ஊருக்கு உரிமை உண்டு. 2025–27 பட்ஜெட்டில் பள்ளிகளுக்கான பொது உதவித்தொகை உயரவில்லை. அப்புறம் என்ன, சொத்து வரிதான்.

டிசம்பரில் வரும் சொத்து வரிச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே தாள்தான். மேலே நிலத்துக்கும் வீட்டுக்கும் போட்ட மதிப்பு. கீழே கட்டம் கட்டமாகக் கவுண்டிக்கு இவ்வளவு, ஊராட்சிக்கு இவ்வளவு, பள்ளி மாவட்டத்துக்கு இவ்வளவு, தொழில்நுட்பக் கல்லூரிக்கு இவ்வளவு. பக்கத்திலேயே போன வருஷத் தொகையும் எத்தனை சதவீதம் மாற்றம் என்பதும். பள்ளி வரிதான் பெரும்பாலும் கண்ணை உறுத்தும். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போய்விட்ட வீட்டுக்காரர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே எவர்ஸைத் திட்டுவார். அடுத்த தெருவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருப்பவர், இசை வாத்தியாரின் வேலை போகவில்லையே என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார். இரண்டும் நியாயம்தான்.

அதே 2025 பட்ஜெட்டில் அவர் பேரம் பேசி வாங்கியது சிறப்புக் கல்வி உதவி. அதுவரை மூன்றில் ஒரு பங்குதான் மாநிலம் திருப்பித் தந்தது. 2025–26க்கு 42 சதவீதம், அடுத்த ஆண்டு 45 சதவீதம் என்பது பட்ஜெட்டின் கணக்கு. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான செலவைச் சட்டப்படி குறைக்கவே முடியாது என்பதால், மாநிலம் தராத மிச்சத்தை மற்ற வகுப்புகளின் பணத்தில்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். 325 டாலரைவிட இது பெரிய காரியம். தலைப்புச் செய்தியில்தான் இடம் கிடைக்கவில்லை.

தனியார் பள்ளி வவுச்சர்களை எதிர்த்தவர், பிறகு ஏற்றுக்கொண்டாரே?

ஆமாம். அரசுப் பணத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் வவுச்சர் திட்டம் மில்வாக்கியில் 1990இல் தொடங்கியது. நாட்டுக்கே முன்னோடி. எவர்ஸ் அதை ஆயுசு முழுக்க எதிர்த்தவர். 2023இல் குடியரசுக் கட்சியோடு ஒப்பந்தம் போட்டபோது, வவுச்சர் தொகை கணிசமாக உயர்வதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். மில்வாக்கி நகரம் திவாலாகாமல் இருக்க விற்பனை வரி போடும் அனுமதி அந்தப் பேரத்தின் இன்னொரு முனை. ஆசிரியர் சங்கத்தில் பலருக்குக் கசந்தது. எட்டு வருஷம் துணைப் பதவியில் உட்கார்ந்த ஆளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

கண்காணிப்பாளர் ஆளுநருக்குக் கட்டுப்பட வேண்டுமா என்று ஒரு வழக்கு நடந்ததே, அது என்ன ஆனது?

இது எனக்குப் பிடித்த பகுதி. 2011இல் ஒரு சட்டம், எந்தத் துறை விதி எழுதினாலும் ஆளுநர் ஒப்புதல் வேண்டும் என்றது. கல்வித் துறைக்கு அது செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தை வேறு வடிவில் கொண்டுவந்தது. எவர்ஸை எதிர்த்தே புது வழக்கு வந்தது. தீர்ப்பு வந்தது 2019 ஜூனில்: பழைய தீர்ப்பு தவறு, கண்காணிப்பாளர் ஆளுநரின் ஒப்புதல் வாங்கத்தான் வேண்டும்.

எவர்ஸ் தோற்றார். தோற்ற அன்று அந்த ஆளுநர் யார்? அவரேதான். அவர் விட்டுப்போன கண்காணிப்பாளர் நாற்காலியில் அவரே நியமித்த கேரலின் ஸ்டான்ஃபோர்ட் டெய்லர் இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

டிம் வால்ஸும் வாத்தியார்தானே? இருவரும் ஒரே மாதிரியா?

பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் ஆளுநர் வால்ஸும் ஆசிரியராக இருந்தவர். இருவரும் ஒரே நாளில், 2018 நவம்பர் 6இல், ஆளுநராகத் தேர்வானார்கள். ஆனால் வால்ஸ் பள்ளியிலிருந்து நேராக நாடாளுமன்றத்துக்குப் போனவர். ஆட்டத்துக்கு நடுவே கத்தி உற்சாகப்படுத்தும் ஃபுட்பால் பயிற்சியாளர் குணம் அவர் பேச்சில் இருக்கும். எவர்ஸ் பேசினால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் அறிவிப்பு வாசிப்பது போலிருக்கும். அதிகபட்சக் கோபத்துக்கு அவர் வாயில் வருவது, நம்ம ஊர்ப் பாட்டிகளின் 'அடக் கடவுளே' அளவுதான்.

அந்தச் சாதுவான முகத்தை வைத்துக்கொண்டு 2021–22 கூட்டத்தொடரில் மட்டும் 126 மசோதாக்களை வீட்டோ செய்தார். மாநில வரலாற்றில் அதுவரை இல்லாத உச்சம். 2022 தேர்தலில் டிம் மைக்கேல்ஸைச் சுமார் 90,000 ஓட்டில் தோற்கடித்தார். முதல் வெற்றியைப் போல மூன்று மடங்கு.

மறுபடி நிற்பாரா?

இல்லை. மூன்றாம் முறை போட்டியிடப் போவதில்லை என்று 2025 ஜூலை 24ஆம் தேதி அறிவித்துவிட்டார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது.

அப்படியானால் 2425 வரை அந்த 325 டாலர் நிஜமாகவே நிற்குமா?

நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டமன்றம் ஒரு மசோதா கொண்டுவந்து, அப்போதைய ஆளுநர் கையெழுத்துப் போட்டால் ஒரே நாளில் போய்விடும். எவர்ஸ் இருக்கும்வரை போடமாட்டார். அடுத்து வருபவரைப் பொறுத்தது. முன்பு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உயர்வு வேண்டும் என்று பள்ளிகள் கேட்டு நின்றன. இப்போது உயர்வு வேண்டாம் என்பவர்கள்தான் ஓட்டுத் திரட்ட வேண்டும்.